மெழுகு பூசிய ரோட்டுத் துண்டுகள்

ரோட்டை எடை போடுவது என் வேலை என்று சொன்னால் எங்கள் சொந்தத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தொண்ணூறுகளில் கோயமுத்தூரில், சிங்காநல்லூரைத் தாண்டி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் இருந்த தனியார் ஆய்வகத்தில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு சைட் வேலை கொடுக்க அன்றைக்கு யாருக்கும் மனசு வரவில்லை. “வெயில்ல கறுத்துப் போயிருவீங்க அம்மணி” என்று ஒரு காண்ட்ராக்டர் ரொம்ப அக்கறையாகச் சொல்லி அனுப்பினார். அந்த அக்கறையை இன்று வரை நான் மன்னிக்கவில்லை. ஆய்வகத்தில் நிழல் இருந்தது. அதனால் அங்கே எடுத்துக்கொண்டார்கள்.

சிமெண்ட் கட்டி, மணல், ஜல்லி என்று என்னென்னவோ வரும். எனக்கு ஒதுக்கியது தார். மற்றவர்கள் யாரும் அதைத் தொட விரும்பவில்லை என்பதுதான் காரணம். சுடிதாரில் பட்டால் போகாது, நகக்கண்ணில் ஏறினால் ஒரு வாரம் நிற்கும். ஹாஸ்டலில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் மூக்கைச் சுருக்குவாள்.

தார் ரோட்டில் எல்லாமே இறுக்கத்தில்தான் இருக்கிறது. ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலந்து கொட்டி, ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். இறுகாவிட்டால் உள்ளே சந்து சந்தாக இடம் நிற்கும். அதில் மழைத்தண்ணீர் இறங்கும், தார் ஜல்லியை விட்டுவிடும், ரோடு பெயர்ந்துவிடும். இறுகியிருக்கிறதா என்று மேலே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் போட்ட ரோட்டை வட்டமாக அறுத்து, தடித்த ஊத்தப்பம் போல ஒரு துண்டை எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதற்குக் கோர் என்று பேர். அதன் அடர்த்தியை, அதாவது எவ்வளவு இடத்தில் எவ்வளவு எடை அடங்கியிருக்கிறது என்பதை, நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ரோலர் ஓட்டியவர் ஒழுங்காக ஓட்டினாரா, கலவை சூடாக வந்ததா, எல்லாம் அந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும் என்று நம்பினேன். இருபத்தைந்து வயதில் எதையாவது நம்பத்தானே வேண்டும்.

என் அக்காவைப் பல்லடத்துக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தார். அவர்களுக்கு ஒரே பெண். வாய்த்துடுக்கு அதிகம். “ரோட்டுக்கு எதுக்குங்க சித்தி எடை? அதென்ன பொண்ணு பாக்க வாராங்கன்னு இளைக்குதா?” என்று என்னையே கேட்பாள். கணக்கில் கெட்டிக்காரி. பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்து, அப்புறம் ஆடிட்டருக்குப் படிக்க வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்து வைத்திருந்தாள். அந்த ஊரில் ஆடிட்டர் என்ற வார்த்தையை அவளுக்கு முன்னால் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

உள்ளூரில் பத்தாவது வரைதான் இருந்தது. அதற்கு மேல் பல்லடம் போக வேண்டும். ஊருக்கு பஸ் கிடையாது. கோழிப்பண்ணைகளையும் ஆளில்லாத காடுகளையும் தாண்டி மண்பாதையில் மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். அந்தப் பாதையில் பெண்ணைத் தனியாக அனுப்ப மாமாவுக்குச் சம்மதமில்லை. ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் வேலை பார்த்த தன் அக்கா மகனுக்கு அவளைக் கொடுப்பது என்று அவர் எப்போதோ பேசி வைத்திருந்தார். பையன் நல்ல பையன்தான். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. படித்து முடிக்கட்டும் என்பதுதான் அக்காவும் நானும் விடாமல் கேட்டது.

அவள் பத்தாவது எழுதிய சமயத்தில் அந்த மண்பாதைக்கு ரோடு வந்தது. வெளிநாட்டுக் கடனில் வந்த ஏதோ அரசுத் திட்டம். முதலில் ரெண்டு அங்குலக் கனத்தில் அடி அடுக்கு. அதன்மேல் தண்ணீர் இறங்காதபடி மெல்லிசாக, நெருக்கமாக ஒரு மேல் அடுக்கு. அடி அடுக்கைப் போட்ட உடனேயே, மேல் அடுக்குக்குக் காத்திருக்காமல், ஊர்க்காரர்கள் போய்க் கேட்டு டவுன் பஸ்ஸை வரவைத்துவிட்டார்கள். பஸ் சரியாக அக்கா வீட்டு முன்னால் வந்து திரும்பியது. மாமா இறங்கி வந்தார்.

“ஊட்டு வாசல்ல ஏத்தி ஊட்டு வாசல்ல எறக்கி உடுது. சரி, படிக்கட்டும்” என்றார் என்னிடம். “ஆனா ஒண்ணுங்க அம்மணி. பஸ்ஸு நின்னுதுன்னா படிப்பும் நின்னுதுன்னு வெச்சுக்குங்க. அப்பறம் நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட மல்லுக்கட்டப்படாது. இப்பவே சொல்லிப்போட்டேன்.”

நாங்கள் சந்தோஷமாகத் தலையாட்டினோம். இருக்கிற பஸ் நிற்கும் என்று யார் நினைத்தது.

அவள் பதினொன்றாவது போக ஆரம்பித்துக் கொஞ்ச நாளில், காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஒருவர் சாக்குப்பையில் கோர்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. ஊர்ப் பெயரை ரெண்டு தடவை படித்தேன். அக்கா ஊர் ரோடு. என் அக்கா மகள் தினமும் போய் வருகிற ரோடு ஊத்தப்பம் ஊத்தப்பமாக என் முன்னால் கிடந்தது.

எங்கள் வழக்கமான முறையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது. கோர் கரடுமுரடாக இருக்கும், அளவுகோல் வைத்து அதன் கன அளவைச் சரியாகச் சொல்ல முடியாது. அதனால் முதலில் காய்ந்த துண்டை எடை போடுவோம். பிறகு தராசுக்கு அடியில் தொங்கும் கம்பிக்கூடையில் வைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி ஒரு எடை. பிறகு வெளியே எடுத்து, ஈரத்துணியால் மேலே இருக்கும் தண்ணீரை மட்டும் ஒற்றிவிட்டு ஒரு எடை. இந்தக் கடைசி எடையில் தண்ணீருக்குள் போட்ட எடையைக் கழித்தால் துண்டு எவ்வளவு இடத்தை அடைத்தது என்பது வந்துவிடும். இறுகிய துண்டுக்கு இது அருமையான முறை. ஒரு சொட்டுகூடச் சிந்தாது.

ஓட்டையான துண்டுக்குத்தான் இது பொய் சொல்லும். உள்ளே சந்துகளில் புகுந்த தண்ணீர், வெளியே தூக்கியவுடன் ஒழுகிவிடும். தராசில் வைப்பதற்குள் பாதி போய்விடும். கடைசி எடை குறையும், அதனால் அடைத்த இடமும் குறைவாகத் தெரியும், அதனால் அடர்த்தி கூடுதலாக வரும். எவ்வளவுக்கெவ்வளவு மோசமாகப் போட்ட ரோடோ அவ்வளவுக்கவ்வளவு நல்ல எண் கிடைக்கும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மோசமான ரோடு போடுகிறவனுக்குக் கடவுளே பார்த்து வைத்த முறை.

காண்ட்ராக்டர் ஆட்களுக்கு இது நன்றாகவே தெரியும். சாட்சிக்கு என்று ஒருவர் வந்து எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்வது வழக்கம். உட்கார்ந்து சும்மா இருக்க மாட்டார்கள். நான் துண்டை வெளியே எடுத்ததும் ஆரம்பிப்பார்கள்.

“நல்லா தொடைங்க அம்மணி.”

“தொடச்சாச்சுங்க.”

“இன்னும் ஈரம் மினுக்குது பாருங்க. அந்தச் சந்துக்குள்ள துணிய உட்டு எடுங்க. சுத்தமா இருந்தாத்தான எடை சுத்தமா வரும்?”

தங்கள் வீட்டுப் பாத்திரத்தைக்கூட அவர்கள் வாழ்நாளில் ஒருமுறை துடைத்திருக்க மாட்டார்கள். என் மேஜைக்கு வந்தால் மட்டும் அவ்வளவு சுத்தம் பார்ப்பார்கள். சந்துக்குள் இருக்கும் தண்ணீரையும் துணி உறிஞ்சிவிட்டால் எண் இன்னும் ஏறும், அதுதான் விஷயம்.

அன்றைக்கும் சூப்பர்வைசர் அதையே சொன்னார். ஆனால் துடைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் கோரைத் தூக்கியதும் சல்லடையிலிருந்து வடிவதைப் போலப் பக்கவாட்டில் எல்லாம் தண்ணீர் கொட்டியது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். கணக்குப் போட்டால் எல்லாமே கேட்ட அளவுக்கு மேலே நின்றன. அதே கலவையை எடுத்து ஆய்வகத்தில் நாங்களே அச்சில் இடித்துச் செய்து வைத்திருந்த வட்டுகளைவிட ரோட்டில் போட்டது இறுக்கம் என்று எண் சொன்னது.

“கலவை லாரி வழியில டயர் வெடிச்சு நின்னுபோச்சுங்க. வந்து சேரும்போது கொஞ்சம் ஆறிப்போயித்தான் இருந்துது” என்று சூப்பர்வைசர் பெருமையாகச் சொன்னார். “இருந்தாலும் பாருங்க, எப்படி நிக்குதுன்னு. எங்க ரோலர் டிரைவர் அப்பேர்ப்பட்ட ஆளுங்க.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஈரத் துண்டை அப்படியே தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு எங்கள் பொறுப்பாளர் அறைக்குப் போனேன். அவர் நடுவயது இன்ஜினியர், சர்க்கரை வியாதிக்காரர், குரல் உயர்த்தியே நான் கேட்டதில்லை. துண்டு அவருடைய மேஜைக் காகிதங்களின்மேல் சொட்டியது. அவர் காகிதங்களை நகர்த்தவில்லை. துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“இதுக்குத் தண்ணி முறை ஆகாதுங்க” என்றார். “தண்ணி குடிக்கிற துண்டுக்கு மெழுகுதான்னு விதியிலயே இருக்குது. மெழுகு போட்டுருங்க.”

மெழுகு முறையை அதுவரை பாடத்தில் படித்ததோடு சரி. மெழுகுவர்த்தி செய்கிற ஒரு வீட்டில் போய் நானே கட்டிமெழுகு வாங்கி வந்தேன். கோர்களை நன்றாகக் காயவைத்து, குளிர வைக்க வேண்டும். சூடாக இருந்தால் மெழுகு உள்ளே இறங்கிவிடும். ஆய்வகத்தில் இருந்த ஒரே பிரிட்ஜில் பொறுப்பாளரின் இன்சுலினும் எங்கள் மோர் பாட்டில்களும் இருக்கும். அவற்றை ஓரம் தள்ளி அக்கா ஊர் ரோட்டை அடுக்கினேன். வெந்நீருக்குள் பாத்திரம் வைத்து மெழுகை உருக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பக்கம் முக்கி, ஆறவிட்டு, மறுபக்கம் முக்கி, விட்டுப்போன புள்ளிகளில் பிரஷ்ஷால் தொட்டேன். மெழுகு வெளியே ஓட்டைகளின் வாயை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே போகவும் வழியில்லை, ஒழுகவும் வழியில்லை. பூசிய மெழுகின் எடையும் இடமும் கணக்கில் கழிந்துவிடும். உள்ளே இருக்கும் வெற்றிடமும் துண்டின் இடமாகவே எண்ணப்படும்.

கறுப்புத் துண்டுகள் வெள்ளை பூசி வரிசையாக உட்கார்ந்திருந்தன. எடை போட்டேன். ஒன்றுகூடத் தேறவில்லை. ஆய்வகத்து வட்டுகளையும் அதே மாதிரி மெழுகு பூசிப் பார்த்தேன், யாரும் குறை சொல்லக் கூடாது என்று. அவை துணியில் துடைத்தபோது என்ன காட்டினவோ அதையேதான் காட்டின. இறுகிய துண்டுக்கு எந்த முறையும் ஒன்றுதான். ரோட்டுத் துண்டுகள் மட்டும் விழுந்தன.

பொறுப்பாளர் மறுபேச்சு பேசாமல் மெழுகு முறையின் எண்ணைப் போட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார். சூப்பர்வைசர் முகம் செத்துப்போனது. “மெழுகு போட்டுப் பாத்தா எந்த ஊரு ரோடுங்க பாஸாகும்? காண்ட்ராக்ட்ல தண்ணி முறைன்னுதானுங்க எழுதியிருக்குது” என்றார். நான் அறிக்கையை உறையில் போட்டு ஒட்டினேன். எனக்கு அன்றைக்கு ஒரு ராணித்தனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். அதே ரோட்டில், அதே டவுன் பஸ்ஸில். “ஒழுங்காப் போடலைன்னு எழுதிட்டோம் அக்கா. இனிக் கொத்தி எடுத்துட்டு நல்லதாப் போடுவாங்க. பல வருஷத்துக்குக் கவலையில்ல” என்றேன். அக்காவுக்கு முழுசாகப் புரியவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்து வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். அவள் மகள் ஒன்றைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்து, “அடர்த்தி பத்தாதுங்க சித்தி, ஃபெயிலு” என்று சொல்லி முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். மாமாகூடச் சிரித்தார். நான் நல்லது செய்திருக்கிறேன் என்று நினைத்தேன். அன்று இரவு ஹாஸ்டலில் நிம்மதியாகத் தூங்கினேன்.

யாரும் கொத்தி எடுக்கவில்லை. காண்ட்ராக்டர் அறிக்கையை ஏற்க மாட்டேன் என்றார். ஒப்பந்தத்தில் எழுதியது தண்ணீர் முறை, அந்த முறையில் ரோடு தேறியிருக்கிறது, மெழுகு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் எழுத்துப்படி ஒரு நியாயம் இருந்தது. ரோடு வேலையைக் கொடுத்த அரசுத் துறையில் மெழுகுதான் சரி என்று நின்றார்கள். வழக்கு என்று ஆனது. காண்ட்ராக்டர் தன் ரோலரையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வால்பாறைப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். மேல் அடுக்கு போடாமலேயே நின்றது.

அடி அடுக்கை மழைக்குத் திறந்து போடக் கூடாது. நன்றாக இறுக்கிய அடி அடுக்கே அதைத் தாங்காது. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும், எந்த இன்ஜினியரைக் கேட்டாலும் சொல்வார். வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐப்பசி பிறந்தது. எங்கள் பக்கம் மழை பெய்தால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், கிணறு ஊறும் என்று. அந்த வருஷம் ஆய்வகத்து ஆஸ்பெஸ்டாஸ்மேல் சடசடவென்று விழுந்த ஒவ்வொரு மழைக்கும் நான் வேலையை விட்டு வாசலுக்குப் போய் நின்றேன். அந்தத் துண்டுகளின் சந்துகள் எனக்கு மனப்பாடம். தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

லீவு போட்டுவிட்டு அந்த ரோட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். வழக்கு முடிகிறபோது முடியட்டும், அதுவரைக்கும் மேலே தண்ணீர் இறங்காதபடி மெல்லிசாக ஒரு பூச்சாவது பூசச் சொல்லுங்கள், பஸ் ஓடினால் போதும் என்று கேட்டேன்.

“அதெப்படிங்க அம்மணி?” என்றார் பரிதாபமாக. “மேல ஒண்ணப் பூசி மூடிட்டா, அடியில இருக்கறது மோசம்னு நாளைக்கு எப்படி நிரூபிக்கிறது? ஆதாரத்த நாமளே மூடுனாப்புல ஆகிப்போகுமுங்க. ஒண்ணும் கவலப்படாதீங்க. உங்க மெழுகு ரிப்போர்ட்டு அவ்வளவு வலுவா இருக்குது. அத வெச்சுத்தான் எங்க கேஸே நிக்குது.”

என் வேலையை வாழ்க்கையில் அப்படி ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் முறை. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். யாராவது இடித்திருந்தால் அடித்திருப்பேன், அப்படி ஒரு ஆத்திரம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ரோடு முதலில் சக்கரம் போகிற ரெண்டு தடத்தில் பெயர்ந்தது. ஜல்லி தனியாகக் கழன்று ஓரத்தில் குவிந்தது. பிறகு பள்ளங்கள். பஸ் மெதுவாக வந்தது, பிறகு சாயங்காலம் வராமல் நின்றது, பிறகு ஒருநாள் காலையில் கண்டக்டர் அக்காவிடம் இறங்கி வந்தே சொல்லியிருக்கிறார். “நாளையிலிருந்து வர மாட்டோமுங்க. ஸ்பிரிங் பட்டை உடையுதுன்னு டிப்போவுல ஆர்டர் போட்டுட்டாங்க. பாப்பாவ வேற வழி பாத்து அனுப்புங்க.”

வேறு வழி எது. முதலில் சைக்கிள் என்றோம். அந்தப் பள்ளத்தில் பெண் சைக்கிளில் போவதா என்றார் மாமா. நான் என்னோடு கோயமுத்தூருக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். எங்கள் ஹாஸ்டலில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு மட்டும்தான் இடம். வார்டனிடம் கெஞ்சிப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார். பள்ளிக்கூட விடுதி என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தேன். “வயசுக்கு வந்த புள்ளைய எங்கயோ உட்டுப்போட்டு நான் இங்க தறி ஓட்டறதுங்களா?” என்று மாமா கேட்டார். அவர் கத்தவில்லை. “நான் முன்னாடியே சொன்னேனுங்களா இல்லீங்களா?” என்றார். சொல்லியிருந்தார்.

அவள் கொஞ்ச நாள் நடந்து போனாள். அக்கா கூடவே நடந்து மெயின் ரோடு வரை விட்டுவிட்டு, சாயங்காலம் மறுபடியும் போய்க் கூட்டி வந்தாள். மழையில் பள்ளம் எது ரோடு எது என்று தெரியாமல் அக்கா விழுந்து கை எலும்பு முறிந்துவிட்டது. அதோடு அந்தப் படிப்பு முடிந்தது. தை மாதத்தில் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று பொறுப்பாளரின் அறைக்குள் கேட்காமல் நுழைந்தேன்.

“சார், அந்தப் பல்லடத்து ரோடு. நாம தண்ணி முறையிலயே எழுதியிருந்தா மேல் அடுக்கப் போட்டு மூடியிருப்பாங்க. அப்படி மூடியிருந்தா எவ்வளவு நாள் தாங்கியிருக்குங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு விஷயம் எல்லாம் தெரியும், நான் புலம்பியிருந்தேன்.

“அத எதுக்குங்க இப்ப கேக்கறீங்க?”

“தெரியணுமுங்க சார்.”

“ரெண்டு வருஷம் தாங்கியிருக்கும். மூணுகூட.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “நாம எழுதுனது தப்பில்லீங்க” என்றார்.

தப்பில்லைதான். அதுதான் கொடுமை. தப்பு என்றால் அழுதுவிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்கே அதே மாதிரி தண்ணீர் கொட்டுகிற துண்டு ஒன்று என் மேஜைக்கு வந்தால் மறுபடியும் மெழுகுதான் உருக்குவேன். அதைத் துணியில் துடைத்துப் பாஸ் என்று எழுத என் கை போகாது. அப்படியானால் நான் எதற்காக இப்படிச் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. சரியாகச் செய்தால் நல்லது நடக்கும் என்று யார் எனக்குச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல் வாரம் அக்கா வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தோம். அக்காவின் கட்டுப்போட்ட கை இன்னும் சரியாகவில்லை, ஒற்றைக் கையால் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். ரோடு மோசம் என்றால் மோசம் என்றுதானே சொல்ல வேண்டும் என்கிற மாதிரி.

“நீ நெசத்தத்தான் சொன்ன கண்ணு. நான் இல்லீன்னு சொல்லல” என்றாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே. “உன்ற நெசம் இருவது வருஷத்துக்கு ரோடு கேக்குது. என்ற புள்ளைக்கு ரெண்டு வருஷம் தாங்குனாப் போதுமாயிருந்துதே.”

அதற்கு மேல் அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்யாணத்தில் அக்கா மகள் அழவில்லை. மண்டபத்தில் மொய் எழுதுகிற இடத்தில் கணக்கு இடிக்கிறது என்று யாரோ சத்தம் போட, மாலையோடு உட்கார்ந்திருந்தவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய்ச் சரிசெய்துவிடுவாள் போல இருந்தது. அத்தைக்காரி தோளைத் தொட்டதும் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள். பந்திக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வயிற்றுவலி என்று சொல்லி வெளியே வந்து நின்றேன்.

வழக்கு இழுத்துக்கொண்டே போய், ஒருநாள் ரெண்டு பக்கத்தாரும் சமாதானம் ஆனார்கள். பள்ளங்களைக் காண்ட்ராக்டர் அடைத்துக் கொடுப்பது, மிச்ச ரோட்டில் புதிதாகக் கோர் எடுப்பது, வேறு ஆய்வகத்தில் கொடுப்பது, ஒப்பந்தத்தில் எழுதியபடி தண்ணீர் முறையில் பார்ப்பது. பார்த்தார்கள். தேறிவிட்டது. தேறாமல் எப்படி இருக்கும், முன்னைவிட இப்போது ஓட்டை அதிகம். உடனே மேல் அடுக்கைப் போட்டார்கள். கறுகறுவென்று, கண்ணாடி மாதிரி. பஸ்ஸும் வந்துவிட்டது. அவளோடு படித்த பிள்ளைகள் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்த சமயம் அது.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. நானும் அன்றைக்கு அக்கா வீட்டில் இருந்தேன். ஈரோட்டிலிருந்து பல்லடம் வந்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் புருஷனோடு வந்தாள். பஸ் வீட்டு வாசலில் குலுங்காமல் வந்து நின்றது. அவன் பைகளை இறக்க, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்து இறங்கினாள். முகம் ஊதியிருந்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கி நின்றவள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலில் ரோடு கோழிப்பண்ணை வளைவு வரைக்கும் பளபளவென்று கிடந்தது. அடியில் இருப்பது அதே துண்டுகள்தான் என்பது அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“ரோடு நல்லாத்தான இருக்குதுங்க சித்தி” என்றாள். “இத அப்பவே போட்டிருக்கலாமல்லங்க?”

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. குத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன், மெழுகு, துணி, ஒப்பந்தம் என்று ஒரு மூச்சு பேசியிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வயிற்றின்மேல் கையை வைத்தபடி நின்றாள்.

“போட்டிருக்கலாம் கண்ணு” என்றேன்.